மாலையில் ஏறிவந்த தரை

1. கவுண்டரில் வந்து விழுந்த செட்

"இந்தா பாய், இத்த நீயே வச்சிக்கோ. பொய் சொல்ற மிஷினு எனக்கு வாணாம்."

கஸ்தூரி அக்கா எக்கோ சவுண்டர் செட்டைக் கவுண்டரில் வைத்த வேகத்தில் என் டீ கிளாஸ் ஆடியது. அவர் சொந்தமாகப் படகு வைத்திருப்பவர். அதற்கு முன்னால் காசிமேட்டில் பல வருடம் கூடை வைத்து மீன் விற்றவர். அவருக்குப் பின்னால், கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றிருந்தார் தேசிங்கு. அக்காவின் படகை நடத்துகிறவர். எங்கள் பக்கம் அவரை டிரைவர் என்றுதான் சொல்வோம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் நஸீர். தண்டையார்பேட்டையில் டி.வி. ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவன், கல்மண்டபத்தில் படகு எலக்ட்ரானிக்ஸ் கடை ஒன்றில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். ஜி.பி.எஸ்., வயர்லெஸ், எக்கோ சவுண்டர் மூன்றும்தான் எங்கள் வேலை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கைக்கு வந்த செட்டுகளை எண்ணி முடியாது. அதில் ஒன்றே ஒன்றைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

எக்கோ சவுண்டர் செய்வது எளிமையான வேலை. படகின் அடிப்பலகையில் ட்ரான்ஸ்டியூசர் என்று ஒரு குமிழ் இருக்கும். அது ஒரு சத்தத்தைக் கீழே அனுப்பும். சத்தம் தரையில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து ஆழத்தைச் சொல்லும். டிஸ்ப்ளேயில் தரை தடிமனான சிவப்புக் கோடாகத் தெரியும். நடுவில் மீன் கூட்டம் இருந்தால் அதுவும் புள்ளியாக, மேகமாகத் தெரியும். அவ்வளவுதான்.

"இன்னா பிரச்சினைக்கா?" என்றேன்.

"அவரையே கேளு" என்று வாசலைக் காட்டினார்.

தேசிங்கு தொண்டையைச் செருமிக்கொண்டார். "சாயங்காலம் ஆனா தரை ஏறுது பாய்."

"ஏறுதுன்னா?"

"மத்தியானம் எரநூறு பாகம் காட்டுது. அஞ்சு மணிக்கு மேல நூத்தி எம்பது, நூத்தி அம்பது, நூறுன்னு வந்துகினே கீது. இருட்டற நேரத்துக்கு முப்பது பாகம். படகு எதோ பாறை மேட்டுக்குப் போவுதுன்னு நெனச்சேன். லைனை அறுத்துட்டு இஞ்சினைப் போட்டு ஓட்டினுட்டேன்."

பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம். மீனவர்கள் ஆழத்தை அதில்தான் சொல்வார்கள். லைன் என்பது சூரை மீன் பிடிக்கப் போடும் நீளமான தூண்டில் கயிறு. ஒரு படகு போடும் லைன், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இழுத்துக் கட்டலாம் போல நீளமாக இருக்கும். அவ்வளவு கயிறும் தூண்டிலும் அன்றைக்குக் கடலோடு போய்விட்டது.

"அந்த எடத்துல ஜி.பி.எஸ். சார்ட்டு இன்னா காட்டுது?" என்று கேட்டேன். ஆழம் குறித்த கடல் வரைபடம்தான் சார்ட்.

கஸ்தூரி அக்காதான் பதில் சொன்னார். "எண்ணூறு பாகம் காட்டுதாம். எண்ணூறு பாகத்துல பாறை எங்கேருந்து முளைக்கும்? ஒண்ணு மிஷினு பொய் சொல்லணும், இல்ல மனுசன் பொய் சொல்லணும். எதுன்னு நீ பாத்துச் சொல்லு."

2. நோ ஃபால்ட்

நான் செட்டை மூன்று நாள் பெஞ்சில் வைத்திருந்தேன். பவர் சப்ளை சரி. போர்டில் உப்பு ஏறவில்லை. படகுக்கே போய் ட்ரான்ஸ்டியூசரைக் கழற்றிப் பார்த்தேன், கேபிளை மீட்டர் வைத்து முழுக்கச் சோதித்தேன். பிறகு செட்டை மாட்டி, படகைத் துறைமுகத்தின் அலைதடுப்புக் கல்லணைக்கு வெளியே ஓட்டச் சொன்னேன். கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கினால் எட்டு பாகம். செட்டும் எட்டு பாகம். இன்னும் தள்ளிப் போனால் பன்னிரண்டு. செட்டும் பன்னிரண்டு. சாயங்காலம் ஏழு மணி வரை அங்கேயே இருந்தேன். தரை ஓர் அங்குலம்கூட அசையவில்லை.

ஜாப் கார்டில் 'நோ ஃபால்ட் ஃபவுண்ட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த ட்ரிப்பிலும் அதே கதை நடந்தது. தேசிங்கு மறுபடியும் லைனை அறுத்தார். அக்கா மறுபடியும் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். நானும் மறுபடியும் எல்லாவற்றையும் சோதித்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. முதலாளி கல்லாவில் இருந்தபடியே சொன்னார்: "ஃபால்ட் இல்லன்னா இல்லன்னு எழுதிக் குட்த்துடு பாய். எத்தினி தபா பாப்ப?"

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தேசிங்கைத் தவிர வேறு யாரும் இதைப் பார்த்ததில்லையா என்று நீங்கள் கேட்கலாம். அவர் படகில் மற்ற நாலு பேரும் லைனைத்தான் பார்ப்பார்கள், செட்டைப் பார்க்கமாட்டார்கள். நானும் விசாரித்தேன். சூரைக்குப் போகும் மற்ற படகுக்காரர்கள், ஆழக்கடல் வந்ததும் செட்டை ஆஃப் பண்ணிவிடுவார்கள். தரையே எட்டாத இடத்தில் அது எதற்கு ஓட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. தேசிங்கு மட்டும் ஆஃப் பண்ணமாட்டார். இளவயதில் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வெளியே மூடுபனியில் அவர் ஓட்டிய படகு கல்லில் மோதியிருக்கிறது. கூட வந்தவர் ஒருவருக்குக் கால் போனது. அன்றிலிருந்து படகு ஓடும்போது ஆழத்தைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

3. தேசிங்கு தனியாக வந்த நாள்

பத்து நாள் கழித்து தேசிங்கு கடைக்கு வந்தார். இந்தத் தடவை உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். படகு கடலில் இருக்க வேண்டிய நாள் அது.

"இன்னா நைனா, கடலுக்குப் போவலியா?"

"எறக்கி வுட்டுட்டாங்க."

நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"நீ எழுதினியே பாய், மிஷினுல கொறை இல்லன்னு. அத்த கஸ்தூரிக்கா எல்லாருக்கும் காட்டிட்டாங்க. மிஷினுல கொறை இல்லன்னா அப்போ கொறை யாருகிட்ட? கொடி மரத்தாண்ட நிக்கறவன்லாம் நான் குடிச்சிட்டு ஓட்டறேன்னு பேசிகினு கீறான். நான் பீடிகூட தொட்டது கெடையாது. எம் பொண்ணு காலேஜுல படிக்குது. அதும் காதுக்கே போயிடுச்சி."

அவர் சத்தம் போட்டிருந்தால் நான் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவர் அப்படிப் பேசவில்லை. உள்ளங்கையைக் கவுண்டரில் வைத்து மெதுவாகத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் பாத்தேன் பாய். ரெண்டு தபா. எங் கண்ணால."

இருபத்து மூன்று வருடத்தில் நான் எழுதிய ஜாப் கார்டு ஒருவருடைய பெயரைக் கெடுக்கும் என்று நினைத்ததே இல்லை. நான் சோதித்த இடம் பன்னிரண்டு பாகம். அவர் பார்த்த இடம் எண்ணூறு பாகம். இந்த வித்தியாசம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. டி.வி.யில் படம் ஆடுகிறது என்று ஒருவர் சொன்னால், அவர் வீட்டுக்குப் போய் அவருடைய ஆன்டெனாவில் அல்லவா பார்க்க வேண்டும்?

அன்று மாலையே கஸ்தூரி அக்கா வீட்டுக்குப் போனேன். "அக்கா, ஒரு ட்ரிப் நானும் வரேன். தேசிங்கே ஓட்டட்டும். அதே எடத்துக்குப் போவோம். தரை ஏறலைன்னா நானே எல்லார் எதிர்லயும் சொல்றேன், மிஷினு சரி, ஆளுதான் தப்புன்னு."

அக்கா கேட்டார்: "ஏறிச்சின்னா?"

"ஏறிச்சின்னா என் கார்டு தப்பு."

"அப்போ நானும் வரேன்" என்றார்.

4. அக்கா படகேறியது

பெண்களைப் படகில் ஏற்றும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. படகில் வேலை செய்யும் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூத்தவர் மட்டும் வாயைத் திறந்தார். "யக்கா, பொம்பள ஏறினா..."

"ஆர்.சி.ல யாரு பேரு கீது?" என்றார் அக்கா. அதோடு பேச்சு முடிந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மரப்பலகையில் யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். இத்தனை வருடம் கடலை நம்பிப் பிழைத்தவர், கல்லணையைத் தாண்டியது அன்றைக்குத்தான்.

விடியும் முன் கிளம்பினோம். எண்ணூர் புகைபோக்கிகள் மட்டும் கொஞ்ச நேரம் பின்னால் தெரிந்தன. பிறகு அவையும் மறைந்தன. நான் பாதி நேரம் படகோரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். மிச்ச நேரம் செட்டைப் பார்த்தேன். முப்பது பாகம், நாற்பது பாகம் என்று தரை பல மணி நேரம் சமமாகவே வந்தது. பதினோரு மணி வாக்கில் நூறைத் தாண்டியது. அதன்பின் மாடிப்படியில் கால் தவறியதுபோல் சரிந்தது. இருநூறு, முந்நூறு, நானூறு. அதற்கு மேல் செட்டின் சத்தம் எட்டவில்லை. டிஸ்ப்ளே வெறுமையாகிவிட்டது. தண்ணீரின் நிறமும் மாறியது. பச்சை போய் மை மாதிரி நீலம்.

ஒரு மணிக்கு அந்த இடத்துக்கு வந்தோம். தேசிங்கு இஞ்சினைக் குறைத்தார். அப்போது வெறுமையாக இருந்த டிஸ்ப்ளேயில் மறுபடியும் ஒரு கோடு விழுந்தது. எண்ணும் வந்தது. இருநூற்றுப் பத்து பாகம்.

"தோ" என்றார் தேசிங்கு. "இதான்."

நான் சார்ட்டைப் பார்த்தேன். எண்ணூறுக்கு மேல். செட்டைப் பார்த்தேன். இருநூற்றுப் பத்து. செட் ஆட்டோ ரேஞ்சில் இருந்தது. ஆட்டோவில் விட்டால் கீழேயிருந்து வரும் எந்தச் சத்தம் பலமாக இருக்கிறதோ அதைத்தான் தரை என்று எடுத்துக்கொள்ளும். உண்மையான தரை எட்டாத இடத்தில் இருக்கிறது. அப்படியென்றால் இருநூறு பாகத்தில் இருந்து சத்தத்தைத் திருப்பி அனுப்புவது என்ன?

ஆட்டோவை ஆஃப் பண்ணி, திரும்பி வரும் சத்தத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்ற கெயினைக் கையால் குறைத்தேன். தரையாக இருந்தால் கோட்டின் மேல் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். இது பஞ்சு மாதிரி இருந்தது. கெயினைக் குறைக்கக் குறைக்கப் பொடிப்பொடியாகப் பிரிந்தது.

"இது தரை இல்லக்கா" என்றேன்.

"பின்ன இன்னாது?"

"தெரியல."

உண்மையாகவே தெரியவில்லை.

5. அஞ்சு மணி

அஞ்சு மணிக்குச் சில நிமிடம் முன்னால் கோடு அசைந்தது.

முதலில் என் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். வாந்தி எடுத்த களைப்பு. விரலை டிஸ்ப்ளேயில் வைத்துப் பார்த்தேன். விரலுக்குக் கீழே இருந்த கோடு விரலைத் தாண்டி மேலே போனது. நூற்றுத் தொண்ணூறு. அவசரமே இல்லை. லிஃப்ட் ஏறுவதுபோல் ஒரே சீராக, மொத்தக் கோடும் ஒன்றாக ஏறியது. வெளியே வெயில் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது. நூற்று எழுபது. நூற்று நாற்பது.

கஸ்தூரி அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று எண்களை வாய்விட்டுப் படித்தார். நூறு வந்தபோது அவர் நிறுத்திவிட்டார். திரும்பித் தேசிங்கைப் பார்த்தார். தேசிங்கு அவரைப் பார்க்கவில்லை. தெரிந்தே வந்திருந்தும், அவர் கால் இஞ்சின் பக்கம் போகப் பார்த்ததை நான் கவனித்தேன்.

"நைனா, ஓட்டாத. குண்டு போட்டுப் பாத்துடுவோம்" என்றேன்.

நூற்றைம்பது பாகம் நைலான் கயிறும் ஈயக்குண்டும் எடுத்து வந்திருந்தேன். சூரியன் தண்ணீரைத் தொடும் நேரம் செட்டில் எழுபது பாகம் காட்டியது. குண்டைத் தேசிங்கே இறக்கினார். ஒவ்வொரு பத்துப் பாகத்துக்கும் கயிற்றில் முடிச்சு. அவர் விரல் முடிச்சுகளை எண்ணிக்கொண்டே வந்தது. அம்பது. அறுபது. எழுபது. குண்டு நிற்கவில்லை. எண்பது. நூறு. நூற்றைம்பதில் கயிறு தீர்ந்துவிட்டது. குண்டு எதையும் தொடாமல் அந்தரத்தில் தொங்கியது.

"தரைக்குள்ள பூந்து போயிடுச்சி" என்றார் தேசிங்கு.

நான் படகின் பின்பக்கம் போய் மாலைத் தொழுகையான மக்ரிப் தொழுதேன். திரும்பி வந்தபோது முப்பது பாகம். எங்கள் காலுக்குக் கீழே, எங்கும், ஏதோ ஒன்று ஏறி வந்துகொண்டிருக்கிறது. தேசிங்கிடம் படகை மெதுவாக முன்னே விடச் சொன்னேன். அது எவ்வளவு அகலம் என்று பார்க்க நினைத்தேன். ஒரு மணி நேரம் ஓட்டினோம். கோடு ஓர் இடத்தில்கூட அறவில்லை.

இருட்டியதும் கோடு மேலே வந்து சிதறிப் பரவிவிட்டது. படகில் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, ஒரு சின்ன டார்ச்சை மட்டும் தண்ணீருக்கு நேராகப் பிடித்து, மூத்தவர் கைவலையால் அள்ளினார். வாளியில் கொட்டினார். விரல் நீளத்தில் கறுப்பு மீன்கள். பெரிய கண். கண்ணாடி மாதிரி இறால் குஞ்சுகள், உடம்புக்குள் இருப்பதெல்லாம் தெரிந்தது. டார்ச்சை அணைத்தார்.

வாளிக்குள் வெளிச்சம் இருந்தது.

அந்த மீன்களின் வயிற்றோரம் முத்துக் கோத்ததுபோல் வரிசையாகப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் நீலமாக மின்னி அணைந்தது. அக்கா வாளிக்கு முன்னால் உட்கார்ந்து ஒன்றைக் கையில் எடுத்தார். செதில் உதிர்ந்து அவர் விரலில் ஒட்டிக்கொண்டது.

"நாப்பது வருசமா மீன் விக்கறேன். இதுக்கு எனக்கு பேரு தெரில பாய்" என்றார்.

பிறகு தேசிங்கைப் பார்த்துச் சொன்னார்: "நீ பாத்தது நெசந்தான்."

தேசிங்கு தலையை ஆட்டினார். "ஆனா அது மீனுன்னு எனக்கும் தெரியாதே யக்கா. நானும் தரைன்னுதான் நெனச்சேன்" என்றார்.

6. வெளிச்சம்

ஏன் ஏறுகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது கஸ்தூரி அக்காதான்.

சாப்பிடுவதற்காக யாரோ டெக்கில் இருந்த பெரிய ஹாலஜன் விளக்குகளைப் போட்டார்கள். நான் செட்டுக்கு முன்னால் இருந்தேன். பரவியிருந்த மேகத்தின் மேல் பகுதி அப்படியே கீழே இறங்கியது. நான் கத்தினேன். "விளக்கை அணைங்க!" அணைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஏறியது. மறுபடி போடச் சொன்னேன். இறங்கியது. நாலு தடவை போட்டு அணைத்துப் பார்த்தோம். நாலு தடவையும் அதேதான்.

அக்கா சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்று பார்த்தார்.

"வெளிச்சத்துக்குப் பயந்துனுகீதுங்க" என்றார். "பகல்ல மேல வந்தா பெரிய மீனு கண்ணுல பட்டுடும். அதான் இருட்டுல பதுங்கினு கீது."

"அப்போ கீழயே இருந்துடலாமே?" என்றேன்.

"கீய இன்னா கீது துன்றதுக்கு? வெயிலே போவாத எடத்துல எது முளைக்கும்? பசிக்கு மேல வருது, உயிருக்குக் கீய போவுது. நாம இன்னா பெருசா வேற செய்யறோம்?"

நான் இரவு முழுக்கத் தூங்கவில்லை. விடியலைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. கிழக்கில் வெளுப்பு வருவதற்கு முன்னமே, எங்கள் கண்ணுக்கு இன்னும் கும்மிருட்டாக இருந்தபோதே, சிதறியிருந்த புள்ளிகள் ஒன்றுகூடின. மறுபடியும் கோடாகி இறங்க ஆரம்பித்தன. எங்களுக்குத் தெரியாத வெளிச்சம் அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. நாற்பது, எழுபது, நூறு. வெயில் டெக்கில் விழுந்தபோது அது நூற்றைம்பதைத் தாண்டியிருந்தது. தேசிங்கு என் பக்கத்தில் டீ டம்ளரோடு நின்றார். ஆறியது தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"டெய்லி போவுதா பாய்?"

"டெய்லின்னுதான் தோணுது."

"நாம பொறக்கறதுக்கு முன்னயேவா?"

மனிதன் என்று ஒருவன் வருவதற்கு எவ்வளவு முன்பிருந்து என்று யாருக்குத் தெரியும்?

7. மேடம் சொன்னது

கரைக்கு வந்ததும் டிஸ்ப்ளேயை வீடியோ எடுத்திருந்த என் போனைக் கொண்டுபோய், மீன் ஆராய்ச்சி பார்க்கும் மேடம் ஒருவரிடம் காட்டினேன். அவர்கள் செட்டுக்கும் நான்தான் சர்வீஸ். என் மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு. வீடியோவைப் பார்த்ததும் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார்.

"இதை நீங்களே எடுத்தீங்களா? இவ்ளோ க்ளியரா!"

அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த மீன்களில் பல வகைகளுக்கு வயிற்றில் காற்றுப் பை உண்டு. காற்றில் பட்டால் சத்தம் பலமாகத் திரும்பும். லட்சக்கணக்கான காற்றுப் பைகள் ஒரே ஆழத்தில் நின்றால் செட்டுக்கு அது தரைபோலவே தெரியும். எக்கோ சவுண்டர் வந்த புதிதில் பெரிய கப்பல்காரர்களே இதைத் தரை என்று நினைத்து ஏமாந்திருக்கிறார்கள். வெயில் படுகிற மேல் தண்ணீரில்தான் கண்ணுக்குத் தெரியாத பாசி வளரும். அதைத் தின்னும் பூச்சி, பூச்சியைத் தின்னும் மீன் எல்லாம் இரவில் அங்கே வரும். பகலில் இருட்டுக்குள் இறங்கிவிடும். கீழே குளிர் அதிகம் என்பதால் தின்றது மெதுவாகச் செரிக்கும், உடம்புக்குச் செலவும் குறைவு. பௌர்ணமி வந்தால் நிலா வெளிச்சத்துக்குப் பயந்து முழுக்க மேலே வராமல் பாதியிலேயே நின்றுவிடுமாம்.

"நம்ம கடல்ல மட்டுமா மேடம்?"

"எல்லாக் கடல்லயும், பாய். தினமும். உலகத்துல உயிருங்க இடம் மாறறதுல இதுதான் பெருசு. பறவைங்க போறது, மிருகங்க கூட்டமா போறது எல்லாம் இதுக்கு முன்னால சின்னது. ஆனா யாரும் பார்க்கறதில்ல."

எங்கள் அக்கா சோற்றுத் தட்டோடு நின்று சொன்ன காரணத்தை நான் அவரிடம் சொன்னேன். மேடம் சிரித்தார். "நாங்க பக்கம் பக்கமா எழுதறதும் அதேதான்" என்றார்.

மறுநாள் காலை ஏலம் நடக்கும் நேரம் பார்த்து, கூட்டம் இருக்கும்போதே கஸ்தூரி அக்கா தேசிங்கைக் கூப்பிட்டுப் படகுச் சாவியைக் கையில் கொடுத்தார். "எம் படகை இவருதான் ஓட்டுவாரு. இவரு பாத்தத நானும் பாத்தேன். எவனுக்காவது சந்தேகம் இருந்தா வந்து என்னாண்ட பேசு" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். யாரும் வந்து பேசவில்லை. நான் அந்த இரண்டு ஜாப் கார்டையும் எடுத்துக் கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே 'டிரைவர் சொன்னது சரி' என்று எழுதிப் புதிதாகக் கையெழுத்துப் போட்டேன். தேசிங்கு அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். "பொண்ணுக்குக் காட்டணும்" என்றார்.

8. தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

முதலில் டெக்னிக்கல் விஷயம். ஆழக்கடலுக்குப் போகும் படகில் செட் மாட்டினால் ஆட்டோ ரேஞ்சை நம்ப வேண்டாம் என்று டிரைவருக்கு நீங்களே சொல்லிக் கொடுங்கள். கெயினைக் குறைத்துப் பார்த்தால் மீன் படலம் பஞ்சுபோல் பிரியும். தரை பிரியாது. சாயங்காலம் கோடு ஏறினால் சார்ட்டையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் ஏறுகிறதெல்லாம் மீன் என்று அலட்சியமாகவும் இருக்கக்கூடாது. கரையோரம் ஏறினால் அது கல்தான். சந்தேகம் வந்தால் படகை நிறுத்திவிட்டுக் குண்டு போடுங்கள்.

இன்னொன்று, நான் தாமதமாகக் கற்றது. 'நோ ஃபால்ட் ஃபவுண்ட்' என்று எழுதும்போது, எங்கே தேடினேன் என்பதையும் எழுதுங்கள். நான் தேடியது பன்னிரண்டு பாகத்தில். அதை எழுதியிருந்தால் ஒரு மனிதர் பத்து நாள் தலைகுனிந்து நடந்திருக்கமாட்டார். கஸ்டமர் ஒன்றைப் பார்த்தேன் என்று சொன்னால், அவர் பார்த்த இடத்துக்கு, பார்த்த நேரத்துக்குப் போய் நில்லுங்கள். மிஷினும் சரியாக இருந்து, ஆளும் சரியாக இருந்தால், நமக்குத் தெரியாதது ஏதோ ஒன்று அங்கே நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நான் அதற்குப் பிறகு ஆழக்கடலுக்குப் போகவில்லை. வயிறு ஒத்துக்கொள்ளாது. ஆனால் மாலை அஞ்சு மணி ஆனால், கல்மண்டபம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு நகராமல் நிற்கும்போது, கடையிலிருந்து எழுந்து வாசலுக்கு வந்து கொஞ்ச நேரம் கிழக்கே பார்ப்பேன். இங்கிருந்து ஒன்றும் தெரியாது. கட்டடங்களும் துறைமுகத்துக் கிரேன்களும்தான் தெரியும். அதற்கும் அப்பால், கரை மறையும் தூரத்துக்கும் அப்பால், இந்நேரம் அத்தனையும் கிளம்பியிருக்கும்.